நடிக்க வருகிறீர்களா? மாசசூசெட்ஸில் ஒரு நாடகத் தேர்வு

பாஸ்டன் நகரத்து ஆரஞ்சு வழி ரயிலில் கிரீன் ஸ்ட்ரீட் நிலையத்தில் இறங்கி, ஜமைக்கா பிளெயின் பகுதிக்குள் கால் மணி நேரம் நடந்தால் எலியட் தெரு வரும். வெள்ளை வர்ணம் பூசிய மரக் கட்டடம் ஒன்று அங்கே முகப்புத் தூண்களோடு நிற்கிறது. எலியட் ஹால். 1830களில் கட்டியது. 1877-ல் தொடங்கிய ஃபுட்லைட் கிளப் என்ற நாடகக் குழுவுக்கு இதுதான் வீடு. பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் சம்பளமில்லாமல் மேடையேறும் ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் குழு அது. இத்தகைய குழுக்களில் அமெரிக்காவிலேயே மிகப் பழையது என்ற பெயர் இதற்கு உண்டு. கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்ற நிலை வந்தபோது, 1889-ல் குழுவே அதை விலைக்கு வாங்கிக் காப்பாற்றியது.

நான் போன அன்று நாடகம் இல்லை, கதவு பூட்டியிருந்தது. வெளியே நின்று பார்த்ததே போதுமாக இருந்தது, நம் ஊர் நாடகக்காரர்கள் நினைவுக்கு வந்துவிட்டார்கள். சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு சுகுண விலாச சபையைத் தொடங்கியது 1891-ல். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. பல்லாரியிலிருந்து வந்து நாடகம் போட்ட ஒரு குழுவைப் பார்த்து மனதைப் பறிகொடுத்தவர் அவர். படித்தவர்கள் மேடையேறுவதைக் கௌரவக் குறைச்சலாக நினைத்த காலத்தில், வக்கீலாகவும் பிறகு நீதிபதியாகவும் இருந்துகொண்டே எழுதினார், நடித்தார். ஏ.ஜி. ஆபீஸில் உத்தியோகம் பார்த்தபடியே ‘சர்வர் சுந்தரம்’, ‘மேஜர் சந்திரகாந்த்’ போட்ட கே. பாலசந்தரும் அந்த வழியில் வந்தவர்தான். ஆபீஸ் முடிந்து பஸ் பிடித்து ஒத்திகைக்கு ஓடிய பல வருடங்கள் எனக்கும் உண்டு. அதனால் எந்த ஊருக்குப் போனாலும் அங்கே சம்பளமில்லாமல் நடிப்பவர்கள் யார், எங்கே கூடுகிறார்கள் என்று விசாரிக்காமல் இருக்க முடிவதில்லை.

என் தங்கை மகள் பாஸ்டனுக்கு மேற்கே, ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவில், ஒரு சிற்றூரில் குடியிருக்கிறாள். கம்ப்யூட்டர் வேலை. பள்ளிக்கூட நாட்களில் நாடகத்தில் நடித்தவள், பிறகு விட்டுவிட்டாள். போனில் அவள் சொன்ன செய்திதான் என் பயணத் தேதியையே முடிவு செய்தது.

“பெரியம்மா, எங்க ஊர் டிராமா குரூப்ல நோயல் கவர்ட் நாடகம் போடறாங்க. ஆடிஷன் எல்லாருக்கும் ஓப்பன். நான் போகலாம்னு இருக்கேன். நீங்க கூட இருந்தா தைரியமா இருக்கும்.”

மார்ச் மாதக் கடைசி. பனி உருகி, கார் நிறுத்தும் இடங்களின் ஓரத்தில் மட்டும் கரி படிந்த குவியல்களாகக் கிடந்தது. பாஸ்டனின் நார்த் ஸ்டேஷனிலிருந்து ஃபிட்ச்பர்க் போகும் ரயிலில் ஏறினேன். வழியில் கான்கார்ட். அங்கே இறங்காமல் போக மனம் வரவில்லை.

கான்கார்ட் என்றால் பலருக்கும் எழுத்தாளர் தோரோவும் வால்டன் குளமும்தான் நினைவுக்கு வரும். நான் இறங்கியது ஆல்காட் சகோதரிகளுக்காக. ‘லிட்டில் விமன்’ எழுதிய லூயிசா மே ஆல்காட்டும் அவருடைய அக்கா அன்னாவும் 1850களின் பிற்பகுதியில் இந்த ஊரில் நண்பர்களோடு நாடகம் போட்டவர்கள். அன்னாவுக்கு ஜோடியாக நடித்தவர் ஜான் பிராட் என்ற இளைஞர். மேடையில் காதலர்களாக நடித்த இருவரும் 1860-ல் நிஜமாகவே கல்யாணம் செய்துகொண்டார்கள். கல்யாணம் நடந்த ஆர்ச்சர்ட் ஹவுஸ் என்ற பழுப்பு நிற வீடு இன்றும் இருக்கிறது, உள்ளே போய்ப் பார்க்கலாம். 1919-ல் தொடங்கிய கான்கார்ட் பிளேயர்ஸ் என்ற குழு, ஆல்காட் சகோதரிகளின் அந்தக் குழுவைத்தான் தங்கள் மூதாதையாகக் கருதுகிறது. பத்து வருடத்துக்கு ஒரு முறை ‘லிட்டில் விமன்’ நாடகத்தை மேடையேற்றுவது அவர்கள் வழக்கம். கதாநாயகி ஜோவின் வேடத்தில் நடித்த சிறுமி வளர்ந்து, பின்னால் ஒரு முறை அதே நாடகத்தில் தாயாக வந்து நிற்க இதில் வாய்ப்பு இருக்கிறது. ஓர் ஊர் தன் நாடகத்தை இப்படித் தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்திருப்பதைக் கேட்கவே சந்தோஷமாக இருந்தது.

மாலையில் தங்கை மகள் வீடு போய்ச் சேர்ந்தேன். சாப்பாட்டு மேஜை முழுக்க அச்செடுத்த தாள்கள். ‘பிரைவேட் லைவ்ஸ்’ நாடகத்தின் பக்கங்கள்.

அந்த நாடகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆசியப் பயணத்தில் இருந்த ஆங்கில நாடகாசிரியர் நோயல் கவர்ட், ஷாங்காயின் கேத்தே ஹோட்டலில் இன்ஃபுளுயன்சா காய்ச்சலில் படுத்து, எழுந்திருக்கும் தறுவாயில் நாலே நாளில் எழுதி முடித்தது. 1930 ஆகஸ்டில் எடின்பரோவில் முதல் மேடை. செப்டம்பரில் லண்டனில் அப்போதுதான் கட்டி முடித்த ஃபீனிக்ஸ் தியேட்டரின் திறப்பு நாடகமும் இதுதான். எலியட், அமாண்டா இருவரும் விவாகரத்தாகி ஐந்து வருடம் ஆனவர்கள். எலியட் இப்போது சிபில் என்ற பெண்ணையும், அமாண்டா விக்டர் என்பவரையும் மணந்துகொண்டு தேனிலவுக்கு வருகிறார்கள். வந்த இடம் பிரான்ஸில் ஒரே ஹோட்டல், அடுத்தடுத்த அறைகள். இரண்டு பால்கனிக்கும் நடுவே சில பூந்தொட்டிகள்தான். பழைய தம்பதி ஒருவரை ஒருவர் பார்த்துவிடுகிறார்கள். முதல் அங்கம் முடிவதற்குள் இருவரும் சேர்ந்து பாரிசுக்கு ஓடிவிடுகிறார்கள். அங்கே கொஞ்சுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், மறுபடி கொஞ்சுகிறார்கள். கூடவும் முடியாமல் பிரியவும் முடியாமல் தவிக்கும் இருவரின் கதை, வெடிச்சிரிப்பாக எழுதப்பட்டிருக்கிறது.

இந்த நாடகத்துக்குப் பாஸ்டனில் ஒரு சரித்திரமும் உண்டு. 1983-ல் எலிசபெத் டெய்லரும் ரிச்சர்ட் பர்ட்டனும் இதில் சேர்ந்து நடித்தார்கள். நிஜ வாழ்க்கையில் இரண்டு முறை மணந்து இரண்டு முறை பிரிந்தவர்கள். பிராட்வேக்குப் போகும் முன் இந்த ஊரின் ஷூபர்ட் தியேட்டரில்தான் முதலில் மேடையேறினார்கள். கூட்டம் அலைமோதியது, விமரிசனம் மட்டும் கடுமையாக வந்தது. அந்த நாடகம் நடந்துகொண்டிருந்த நாட்களிலேயே பர்ட்டன் வேறொரு பெண்ணை மணந்துகொண்டார்.

தேர்வு நடந்தது ஊர் டவுன் ஹாலின் மாடியில். நியூ இங்கிலாந்து ஊர்கள் பலவற்றில் இப்படித்தான். கீழே வரி கட்டும் ஜன்னல், நாய் லைசென்ஸ் கொடுக்கும் ஜன்னல், மேலே போனால் திரைச்சீலையோடு ஒரு மேடை. வாசலில் மடக்கு மேஜை போட்டு ஸ்டேஜ் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். பகலில் தபால்துறையில் வேலை என்றார். வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம் கொடுத்தார். பெயர், தொலைபேசி எண்ணோடு அந்தப் படிவம் நிற்கவில்லை. எந்த வேடம் வேண்டும், அது கிடைக்காவிட்டால் வேறு வேடம் ஏற்பீர்களா, அடுத்த எட்டு வாரத்தில் எந்தெந்த மாலைகளில் வர முடியாது, நடனம் தெரியுமா, பியானோ வாசிப்பீர்களா, மேடையில் முத்தமிடும் காட்சியில் நடிக்கச் சம்மதமா, கைகலப்புக் காட்சியில் சம்மதமா. கடைசியில் ஒரு கேள்வி, தேர்வாகாவிட்டால் வேறு என்ன வேலையில் சேர விருப்பம்? செட், லைட், உடை, டிக்கெட், மேடைப் பொருள்கள் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே கட்டம் போட்டிருந்தது.

முத்தத்தைப் பற்றிய கேள்வியைத் தாளிலேயே கேட்டுவிடுவது எனக்கு மிகவும் சரியாகப் பட்டது. நேரில் பத்துப் பேர் முன்னால் கேட்டால் மாட்டேன் என்று சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? தாளில் ஒரு டிக் போட்டால் போதும், யாரும் காரணம் கேட்பதில்லை. பியானோ கேள்விக்கும் காரணம் இருக்கிறது. எலியட் வேடத்தைத் தனக்காகவே எழுதிக்கொண்ட கவர்ட், இரண்டாம் அங்கத்தில் தான் பியானோ வாசிக்கவும் இடம் வைத்திருந்தார்.

டைரக்டர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, எழுபதை நெருங்கும் வயது. எல்லோரையும் உட்காரவைத்து முதலில் மூன்று விஷயம் சொன்னார். யாரும் யார் நடிப்பதைப் பார்த்தும் சிரிக்கலாம், சிரிப்பு நாடகம்தான், ஆனால் தடுமாறுவதைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. இங்கிலீஷ்காரர் உச்சரிப்பை யாரும் இன்று முயற்சி செய்ய வேண்டாம், அதைச் சொல்லிக்கொடுக்க எட்டு வாரம் இருக்கிறது. யார் எந்த நாட்டுக்காரர், எந்த நிறம் என்பது வேடத்தைத் தீர்மானிக்காது. தங்கை மகள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். விளம்பரத்திலேயே அந்த மூன்றாவது விஷயம் இருந்தது என்றாலும் வாயால் சொல்லிக் கேட்பது வேறுதான்.

பெண்கள் பதினைந்து பேருக்கு மேல் வந்திருந்தார்கள், ஆண்கள் அதில் பாதிகூட இல்லை. நம் ஊர் நிலைமை இதற்கு நேர் தலைகீழ். எங்கள் குழுவில் பெண் வேடத்துக்கு ஆள் தேடி அலைந்திருக்கிறோம்.

தங்கை மகளுக்குப் பால்கனிக் காட்சி. எதிரே பல் டாக்டர் ஒருவர் எலியட்டாக நின்றார். விவாகரத்துக்குப் பிறகு எலியட் உலகம் சுற்றப் போனதைப் பற்றி அமாண்டா விசாரிக்கும் இடம். சீனா எப்படி இருந்தது, ஜப்பான் எப்படி இருந்தது, தாஜ்மகால் எப்படி இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறாள். அவன் ஒற்றை வார்த்தையிலும் இரண்டு வார்த்தையிலும் பதில் சொல்கிறான். தங்கை மகள் முதல் தடவை வேகமாகவும் துறுதுறுப்பாகவும் வாசித்தாள். சிரிப்பு வந்தது. நன்றாகத்தான் இருந்தது.

டைரக்டர் மேடை அருகே போய் மெதுவாகக் கேட்டார். “தாஜ்மகாலைப் பற்றி அமாண்டாவுக்கு என்ன அக்கறை?”

“ஒண்ணுமில்லை.”

“பிறகு ஏன் கேட்கிறாள்?”

தங்கை மகள் தாளைப் பார்த்தபடி யோசித்தாள். “பேச்சு நின்னுட்டா வேற ஏதாவது சொல்ல வேண்டி வரும். அதைத் தள்ளிப்போடறா.”

“அப்படியே இன்னொரு தடவை வாசி.”

இந்த முறை அவள் பல் டாக்டரின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். கேள்விகளுக்கு நடுவே மூச்சு விழுந்தது. தாஜ்மகாலுக்கு வந்தபோது குரல் இறங்கிவிட்டது. வாசிப்பு தாளை விட்டு எழுந்து எதிரே நிற்பவரிடம் போனது. அந்த டாக்டரும் பதில் சொல்லத் தயங்கினார், அவருக்குத் தயக்கம் எழுதியிருக்கவில்லை. ஹாலில் முன்பைவிடச் சிரிப்பு அதிகமாகவே வந்தது. ஆனால் சிரிக்கும்போதே எல்லோருக்கும் இவர்கள் இன்னும் ஒருவரை ஒருவர் விடவில்லை என்பது தெரிந்துவிட்டது.

நகைச்சுவை நாடகத்தில் நான் இத்தனை வருடம் பழகிய முறை வேறு. நம் சபா மேடையில் ஜோக் நேரே ஜனங்களைப் பார்த்து வரும். கிரேசி மோகன் வசனத்தில் ஒரு சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்தது வந்து விழும். அதற்கு அபாரமான நேரக்கணக்கு வேண்டும், அந்தத் திறமையை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். கவர்டின் வசனம் எதிரே நிற்பவரைக் குறிவைத்துப் போகிறது, ஜனங்கள் அதைப் பக்கத்திலிருந்து ஒட்டுக்கேட்கிறார்கள். கணவன் மனைவி நாடகம் எழுதும் நம் இளைஞர்கள் இந்த வகையைப் பழக வேண்டும் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. கல்யாண வீட்டில் பழைய பகையாளியிடம் “சாப்பிட்டீங்களா?” என்று கேட்கிற குரல் நமக்குத் தெரியாததா?

இரண்டாம் அங்கத்துக் கைகலப்பைப் பற்றி டைரக்டர் தனியாகப் பேசினார். அமாண்டா கிராமபோன் தட்டை எலியட்டின் தலையில் உடைக்கிறாள், அவன் அவளை அறைகிறான். பெண்களை அடிப்பதை வேடிக்கையாகச் சொல்லும் வசனமும் அவனுக்கு இருக்கிறது. 1930-ல் சிரித்தார்கள். இன்று அந்த இடத்தில் ஹால் உறைந்துபோகிறது. உரிமை ஒப்பந்தப்படி வசனத்தைத் தன்னிஷ்டத்துக்கு வெட்ட முடியாது என்றார் அவர். அதனால் எந்த இடத்தில் சிரிப்பு நிற்க வேண்டுமோ அந்த இடத்தில் நிற்கும்படி நடிக்கவைப்பதுதான் தன் வேலை, சண்டைக்கென்று பயிற்சி கொடுப்பவர் ஒருவர் வருவார், இருவரும் தினமும் ஒப்புக்கொண்ட அசைவு தவிர ஓர் அங்குலம் கூடுதலாகக் கை நகராது என்றார். இதை ஒத்திகைக்கு ஒத்திவைக்காமல் தேர்வு நாளிலேயே சொன்னதை நான் மதிக்கிறேன். நாடகம் பழையது என்பதற்காக அடியை அழகாக்கக் கூடாது. அதற்காக நாடகத்தைத் தூக்கி எறியவும் வேண்டியதில்லை.

எட்டரை மணி இருக்கும். மூன்றாம் அங்கத்தில் சிபிலும் விக்டரும் மோதிக்கொள்ளும் காட்சி வந்தது. கைவிடப்பட்ட இந்த இருவரும் அவரவர் துணைக்காக வக்காலத்து வாங்கத் தொடங்கி, கடைசியில் தாங்களே அடித்துக்கொள்ளும் நிலைக்கு வருவார்கள். அந்தச் சந்தடியில் எலியட்டும் அமாண்டாவும் பெட்டிகளோடு நழுவிவிடுவார்கள். சிபிலாக வாசிக்கக் கல்லூரிப் பெண் ஒருத்தி மிச்சம் இருந்தாள். விக்டருக்கு ஆள் இல்லை, இருந்த ஆண்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். டைரக்டர் என் பக்கம் திரும்பி, மேடை அனுபவம் உள்ளவர் என்று கேள்விப்பட்டேன், இந்தப் பெண்ணுக்கு எதிர் வரி கொடுக்க முடியுமா என்று கேட்டார். 1930-ல் இளைஞர் லாரன்ஸ் ஒலிவியர் நடித்த வேடம் அது. தாளை வாங்கிக்கொண்டு போய் நின்றேன்.

அந்தப் பெண்ணின் தாள் நடுங்கியது. நான் என் வரியை முடித்து அவள் கண்ணைப் பார்த்துக் காத்திருந்தேன். ஒரு பக்கம் முடிவதற்குள் நடுக்கம் நின்றது. இரண்டாம் பக்கத்தில் அவள் என்மேல் நிஜமாகவே கோபப்பட்டாள். மூன்றாம் பக்கத்தில் என் வரி முடியும் முன்பே வெட்டிக்கொண்டு வந்தாள், அதுதான் அந்தக் காட்சிக்கு வேண்டியது. எதிரே நிற்பவர் காதுகொடுத்துக் கேட்டால் புதியவருக்குக்கூட நடிப்பு வந்துவிடும் என்பதை அவளிடம் பார்த்தேன். இறங்கும்போது அவள் என்னிடம், தான் இதுவரை எந்த மேடையிலும் ஏறியதில்லை என்றாள்.

மறுநாள் மாலையில் இரண்டாம் சுற்று. எட்டுப் பேரை அழைத்திருந்தார்கள், தங்கை மகளும் அதில் ஒருத்தி. ஜோடிகளை மாற்றி மாற்றி நிற்கவைத்துப் பார்த்தார்கள். தனித்தனியாக நன்றாக நடிக்கிறவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றதும் வெளிறிப்போவதையும், சுமாரான இருவர் சேர்ந்ததும் தீப்பொறி பறப்பதையும் அன்று கண்ணால் கண்டேன். ஐந்தே பாத்திரம் உள்ள நாடகத்தில் ஜோடிப் பொருத்தம் தவறினால் வேறு எதுவும் காப்பாற்றாது.

ஒரு வாரத்துக்குள் பதில் வந்தது. அமாண்டா வேறொரு பெண்ணுக்கு, ஐம்பது வயதுக்காரி, குரலில் அனுபவம் உள்ளவள். சிபில், முதல் முறை மேடையேறும் அந்தக் கல்லூரிப் பெண்ணுக்கு. தங்கை மகளுக்கு வந்த கடிதத்தில் தாஜ்மகால் வரியைக் குறிப்பிட்டு இரண்டு வாக்கியம் இருந்தது. வந்திருந்த ஒவ்வொருவருக்கும் அப்படித் தனித்தனியாக எழுதியிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது.

அவளுக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. ஒரு நாள் முழுக்க அதிகம் பேசவில்லை. மறுநாள் காலை காப்பி குடிக்கும்போது, “மேடைப் பொருள் வேலைக்கு டிக் பண்ணியிருந்தேன் பெரியம்மா, வரச் சொல்லியிருக்காங்க” என்றாள். ஒவ்வொரு காட்சிக்கும் உடைக்க ஒரு கிராமபோன் தட்டு வேண்டும். தலையில் காயம் படாமல் சத்தமாக உடைய வேண்டும். அன்றைக்கே பழைய சாமான் கடைக்குப் போய்த் தட்டுகளைத் தட்டித் தட்டிப் பார்த்தோம். பழைய ஷெல்லாக் தட்டு கூர்மையாகச் சிதறுகிறது, அது ஆபத்து. பேக்கிங் சாக்லேட்டை உருக்கி அச்சில் ஊற்றிப் பார்க்கலாம் என்று அவளுக்கு ஒரு யோசனை. நான் ஊர் திரும்பும்வரை அவள் சமையலறையில் அந்தப் பரிசோதனைதான்.

சென்னையில் நாடகம் போடும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் குழுக்கள் பலவற்றில் புதியவர் நுழைவது தெரிந்தவர் மூலமாகத்தான். நானும் அப்படித்தான் நுழைந்தேன், அக்காவின் சிநேகிதி கைபிடித்துக் கூட்டிப்போனாள். அப்படிக் கூட்டிப்போக யாரும் இல்லாதவர்கள் அம்பத்தூரிலும் தாம்பரத்திலும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் மெட்ரோவிலும் வேலை பார்த்துக்கொண்டு, நாடகம் பார்க்க மட்டும் வருகிறவர்கள். அடுத்த நாடகத்துக்கு ஒத்திகை தொடங்கும் முன் சபா வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டுங்கள். தேதி, இடம், என்னென்ன வேடம், எத்தனை வாரம் ஒத்திகை என்று எழுதுங்கள். வருகிறவருக்கு வசனத்தை முன்கூட்டியே கொடுங்கள், ஒரு தடவை சரியாக வராவிட்டால் காரணம் சொல்லி இன்னொரு தடவை வாசிக்கவிடுங்கள். தேர்வானாலும் ஆகாவிட்டாலும் ஒரு வாரத்துக்குள் எல்லோருக்கும் பதில் போடுங்கள்.